ஊசித்தட்டானை ஓடைக்குள்ளும் தேடுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கு, வணக்கம்.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி எழுதப்பட்ட மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் புரட்டினேன். பூச்சிகள் பக்கத்தில் ‘தட்டான், ஊசித்தட்டான்’ என்று ஒரே வரி. அதுவும் பறப்பவற்றைப் பார்த்து எழுதியது.

ஊசித்தட்டான் என்பது ஊசி போல மெலிந்த உடம்புள்ள தட்டான் வகை. பறக்கிற ஊசித்தட்டான் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கலாம். அதன் இளம்பருவமான லார்வா அப்படியில்லை. சிறகு முளைக்கும்வரை அதற்குத் தண்ணீர்தான் வீடு. ஓடை சாக்கடையானால் பறந்து தப்பவும் முடியாது. அதனால் லார்வாவையும், அது கிடந்த இடத்தையும் எழுதுங்கள்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். மாவு சல்லடையும் வெள்ளைத் தட்டும் போதும். கரையோர வேர்களுக்கடியில் சல்லடையைப் பிடித்துக்கொண்டு வேரை உலுக்குங்கள். வந்த குப்பையைத் தண்ணீரோடு தட்டில் கொட்டிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். குச்சி என்று நினைத்தது மெல்ல நடக்கும்.

வால் நுனியில் இலை போல மூன்று செவுள்கள் இருந்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான்தான். பெரிய தட்டானின் லார்வா குண்டாக இருக்கும், இந்த இலைகள் இருக்காது. மேஃபிளை என்ற வேறொரு பூச்சியின் லார்வாவுக்கும் மூன்று வால் உண்டு, ஆனால் நூல் போல. நானே அதை ஊசித்தட்டான் என்று எழுதிவைத்து அசடு வழிந்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் புரட்டிப் பாருங்கள்: இரையைப் பாய்ந்து பிடிக்கிற நீண்ட கீழுதடு முகத்துக்கடியில் மடிந்து கிடக்கும். மேஃபிளைக்கு அது கிடையாது.

சரி, எங்கே எது? வேர்ச் செறிவில், உணர்கொம்பின் முதல் கணு மட்டும் மிக நீளமாக இருந்தால், பச்சைச் சிறகு மின்னும் நியூரோபேசிஸ் என்ற ஊசித்தட்டானின் குடும்பம். வேகமான நீரில் கல்லுக்கடியில் ஒட்டிக் கிடப்பது யூஃபேயா. வாலில் பை போன்ற செவுள்கள், வயிற்றோரத்திலும் செவுள்கள். முள் போல இரண்டே வால் இருந்தால் லிபெல்லாகோ வகையறா. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பிடிபட்டால் செவுளைக் கழற்றிவிட்டுத் தப்புவது இவற்றின் வழக்கம்.

இனப்பெயர் தெரியாவிட்டால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். ‘வேரில்’, ‘கல்லுக்கடியில்’ என்ற சொல்லை மட்டும் விடவே வேண்டாம். நாளைக்கு யாராவது கரைக்கு சிமெண்ட் பூச வந்தால், பதிவேட்டில் நீங்கள் விரல் வைத்துக் காட்ட வேண்டிய சொல் அதுதான்.

பார்த்ததும் லார்வாவைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அப்புறம், புரட்டிய கல்லை முன்பிருந்த வாக்கிலேயே திரும்ப வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கரைக்காரன் ஒருவன்