சனிக்கிழமை எங்களுக்கு லீவு இல்லை

திருப்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் வார இறுதி கிரிக்கெட் லீக் நடத்துகிற அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். 16 வருடங்களாக இந்த ஊர் லீக்குகளில் ஆடி வருகிறேன். கடைசி 6 வருடமாக ஒரு டீமுக்கு கேப்டன். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. எங்கள் டீமில் 18 பேர் இருக்கிறோம். அதில் 13 பேர் பனியன் தொழிலில் இருப்பவர்கள். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர்கள், செக்கிங் பார்ப்பவர்கள், அயர்ன் போடுபவர்கள், சாயப்பட்டறையில் இருக்கும் இரண்டு பேர். மீதி ஐந்து பேரில் ஒருவர் மட்டும்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு கிடைக்கிற வேலையில் இருக்கிறார்.

வரும் சீசனில் கீழ் டிவிஷன் ஆட்டங்களை ஞாயிறிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்த ஊரில் சனிக்கிழமை எப்படிப்பட்ட நாள் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அட்டவணை போட உட்காரும்போது அது மறந்துவிடுகிறதோ என்று தோன்றுகிறது. வாரச் சம்பளம் போடுகிற கம்பெனிகளில் சனிக்கிழமைதான் கணக்கு முடிகிற நாள். காலை 8.30க்கு மெஷினில் உட்கார்ந்தால் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், இரவு 8.30 வரை போனால் ஒன்றரை ஷிப்ட். பெரும்பாலோர் சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்துத்தான் சம்பளக் கவரை வாங்குகிறார்கள். அந்தக் கவரை நம்பித்தான் மளிகைக்கடைப் பாக்கி, வாரத் தவணை, பிள்ளைகளின் வேன் காசு எல்லாம் காத்திருக்கின்றன. சனிக்கிழமை லீவு போட்டால் ஒன்றரை ஷிப்ட் காசு போகும். அதோடு முடிவதில்லை. ஒரு லைனில் பேட்லாக் அடிப்பவர் வரவில்லை என்றால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கைக்கு வேலை வராது. எத்தனை பீஸ் முடிகிறதோ அதற்குத்தான் கூலி என்கிற பீஸ் ரேட்டில் ஓடுகிற இடமாக இருந்தால் அவர்கள் காசும் சேர்ந்து குறையும். அடுத்த வாரம் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டியில் எங்கள் அரையிறுதி சனிக்கிழமை விழுந்தது. காலை 9.30க்கு டாஸ் போடும்போது நாங்கள் ஏழு பேர். எங்கள் கீப்பர் பேட்லாக் டெய்லர். சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரை நாள் பர்மிஷன் வாங்கி, யூனிபார்மைக்கூட மாற்றாமல் எட்டாவது ஓவரில் ஓடி வந்தார். அதுவரை கீப்பிங் நின்றது ஒரு சின்னப் பையன். பை ரன்னாகவே இருபதுக்கு மேல் போயிருந்தது. 11 ரன்னில் தோற்றோம். தோற்றதுகூடப் பெரிதில்லை. எங்கள் ஓப்பனிங் பவுலர் அன்றைக்கு வரவே இல்லை. முந்தின இரவு போன் செய்து, "அண்ணா, சனிக்கிழமைன்னா என்னை விட்டுருங்ணா, வீட்ல ஆஸ்பத்திரி செலவு இருக்குதுங்ணா" என்று சொன்னார். அந்த சீசனோடு ஆட்டத்தையே விட்டுவிட்டார். அப்படி இன்ஸ்விங் போடுகிற பையனை எங்கள் டிவிஷனில் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஞாயிறு என்றால் மைதான வாடகை கூடுகிறது. ஆவணி, தை, வைகாசி ஞாயிறுகளில் முகூர்த்தம் விழுந்தால் பாதி டீம் கல்யாண வீட்டில் இருக்கும். பள்ளி மைதானம் கேட்டால் தேர்வு மையம் என்று கையை விரிக்கிறார்கள். 2024இல் மே 5, 2025இல் மே 4 என்று நீட் தேர்வு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தது. அம்பயர்களில் பலர் பி.டி. மாஸ்டர்கள், அவர்களுக்கும் குடும்பத்தோடு இருக்க ஒரு ஞாயிறு வேண்டாமா என்ற கேள்வியும் சரிதான். ஞாயிறு முழுக்க வெயிலில் ஆடிவிட்டுத் திங்கள் காலை கட்டிங் டேபிள் முன்னால் நிற்கும்போது இடுப்பு என்ன பாடு படும் என்று எனக்கே தெரியும்.

இவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய சிரமங்கள். கூடுதல் வாடகையை டீம்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு டீ, பன் காசுதான் ஆகும். முகூர்த்த நாள் காலண்டரிலேயே இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யும் தன் தேர்வுகளின் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டு விடுகிறது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை நீங்களும் நானும் உட்கார்ந்து பேசி எப்படித் தீர்ப்பது?

இங்கிலாந்தில் கிளப் கிரிக்கெட் சனிக்கிழமைதானே நடக்கிறது, நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். அங்கே சனிக்கிழமை விளையாட்டு நாளானதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. மெல்ல மெல்ல அந்த அரை நாள் லீவு மற்றவர்களுக்கும் பரவியது. அங்கே கால்பந்து ஆட்டங்கள் சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தொடங்குகிற வழக்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆலை விட்ட பிறகு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை கால்பந்தை ஏற்காமல் இருந்த இங்கிலாந்து கால்பந்து சங்கமும் 1960இல் இறங்கி வந்தது. அதற்குள் ஞாயிறு ஆடுகிற டீம்கள் அங்கே ஏராளமாகப் பெருகியிருந்தன. ஆடுகிறவனுக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாளுக்கு ஆட்டம் வந்து சேர்ந்தது. நாம் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கிழமையை அல்ல.

நம் நாட்டு ஞாயிறும் சும்மா வந்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் போராடிய பிறகுதான், 1890இல் அங்கே ஞாயிறு வார விடுமுறை ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வாரத்தின் முதல் நாளில் தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது என்று பொது விதியாகவே எழுதி வைத்தது. அந்த முதல் நாள் ஞாயிறு. வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை லீவு வந்தது 2015இல். அதுகூட எல்லாச் சனியும் இல்லை. வாரம் ஐந்து நாள் வேலை என்பது அரசு அலுவலகத்துக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் பழகிய விஷயம். மெஷின் முன்னால் உட்காருகிறவனுக்கு இன்னும் ஆறு நாள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் மனசு உறுத்துகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் டீமிலேயே இரண்டு பேர் ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிறவர்கள். 9.30க்கு ஆட்டம் என்றால் ஆராதனையா ஆட்டமா என்று ஒவ்வொரு வாரமும் அவர்கள் தவிக்கிறார்கள். அவர்கள் ஆராதனையை விட்டுவிட்டு வரும்போது கேப்டனாக எனக்குச் சந்தோஷம், நண்பனாக வருத்தம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால், பக்தியுள்ள கிறிஸ்தவரான பிரிட்டன் ஓட்டக்காரர் எரிக் லிடெல் அதில் ஓட மறுத்தார். பிறகு 400 மீட்டரில் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். அவருடைய உறுதியை எல்லோரும் பாராட்டுகிறோம். ஆனால் அட்டவணை மாதக்கணக்குக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் அவரால் 400 மீட்டருக்குத் தயாராக முடிந்தது. நம் லீக்கில் அடுத்த வார ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது வியாழன் இரவு வாட்ஸப்பில்தான் வருகிறது.

அதனால் கேட்கிறேன். ஞாயிறையே வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை மாற்றுங்கள். 20 ஓவர் ஆட்டம் காலை 6.30க்குத் தொடங்கினால் 10 மணிக்குள் முடிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். கறி எடுத்துச் சமைக்கவும், பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போகவும் பகல் மிச்சம் இருக்கும். அம்பயர்களுக்கும் அதே நிம்மதி. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இருக்கும் டீம்கள் சீசன் தொடக்கத்திலேயே பதிவு செய்தால் அவர்களுக்கு மதியம் 2 மணி ஆட்டம் கொடுங்கள். எங்கள் டீம் முதலில் பதிவு செய்யும். தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு ஆட்டமே வைக்க வேண்டாம். அப்போது ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஞாயிறும் வேலைக்குக் கூப்பிடுவார்கள், போனஸ் நேரத்தில் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

சனிக்கிழமைதான் வசதி என்கிற டீம்களும் இருக்கின்றன. அலுவலக டீம்கள், கல்லூரி டீம்கள். அவர்களுக்குள் ஆட்டம் விழுந்தால் சனிக்கிழமை தாராளமாக வையுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவர்களோடு நாங்கள் மோதும்போது மட்டும் ஞாயிறாக இருக்கட்டும். அவர்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஒன்று.

முடிவு எடுப்பதற்கு முன்னால் எல்லா டிவிஷன் கேப்டன்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள். ஒவ்வொரு டீமிலும் எத்தனை பேருக்குச் சனிக்கிழமை வேலை என்று ஒரு பேப்பரில் எழுதிக் கேளுங்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை வைப்பதாக இருந்தால் இரவு 9 மணிக்கு மேல் வையுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு நேராக வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
கீழ் டிவிஷன் டீம் ஒன்றின் கேப்டன்
திருப்பூர்