நாடகம் என்ன ஆச்சு பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெரியத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

போனில் "நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ பாதியில் நிறுத்தி வைத்திருக்கும் உன் தமிழ் நாடகத்தைப் பற்றித்தான். ஆனால் உன்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை, வேறொருவர் கதையைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

போன வருஷம் பார்சிலோனாவிலிருந்து கடலோர ரயிலில் அரேன்ஸ் தெ மார் என்ற ஊருக்குப் போய், குன்றின் மேலிருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் படமெடுத்து அனுப்பினாயே. சைப்ரஸ் மரங்கள், கீழே கடல். "இங்க ஒரு பெரிய கவிஞர் இருக்கார்ப்பா" என்று ஒரு வரி. அன்றிலிருந்து அந்தக் கவிஞர் சல்வதோர் எஸ்ப்ரியுவைப் பற்றி இங்கிலீஷில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1913இல் பிறந்தவர். அப்பா நோட்டரி. சிறுவயதிலேயே உடன்பிறந்தவர்கள் இருவரைப் பறிகொடுத்தார். பார்சிலோனாவில் சட்டமும் பழங்கால வரலாறும் படித்தார். 1933இல் பல்கலைக்கழகக் கப்பல் பயணத்தில் எகிப்து, கிரீஸ் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, எகிப்தின் பழமையை ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்தது. 1938இல் உயிர் நண்பர், கவிஞர் ரொஸ்ஸெல்யோ போர்செல், காசநோயில் போனார், 24 வயது. 1939 ஜனவரியில், அந்தப் போரில் ஜெயித்த சர்வாதிகாரி ஃபிராங்கோவின் படை பார்சிலோனாவுக்குள் வந்தது. அடுத்த வருஷம் அப்பாவும் இறந்துவிட்டார். எகிப்து எங்கே, ஆராய்ச்சி எங்கே? குடும்பத்துக்காக நோட்டரி அலுவலகத்தில் வேலைக்கு உட்கார்ந்தார். பிடிக்காத வேலை. சுமார் 20 வருஷம் அதையே செய்தார்.

ஆபீஸ் வேலை ஆளை உறிஞ்சிவிடுகிறது என்று நீ ஒருமுறை சொன்னாய். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த மனிதர் முக்கியமான பலவற்றை எழுதியது இப்படிப்பட்ட கஷ்ட காலத்தில்தான் என்பதைப் பார். போர் முடிந்த கையோடு, 1939லேயே 'அந்திகோனா' நாடகத்தை எழுதினார். அண்ணன் தம்பி இருவரும் சண்டையில் மாண்டுபோகிறார்கள். ஒருவனுக்கு மரியாதையோடு அடக்கம், இன்னொருவனைத் தொடவே கூடாது என்று ராஜா உத்தரவு. தங்கை மீறிப் போய் அடக்கம் செய்கிறாள். பழைய கிரேக்கக் கதைதான். ஆனால் ஜெயித்தவர்கள் தோற்றவர்களைத் தேடித்தேடிப் பிடித்துக்கொண்டிருந்த வருஷத்தில், தோற்றவனும் நம் பிள்ளைதான் என்று ஒருவர் எழுதினார் பார், அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவருடைய மொழியான கத்தலானில் அப்போது புத்தகம் போட முடியாது, மேடையேற்ற முடியாது. 'அந்திகோனா' அச்சானது 1955இல், மேடையேறியது 1958இல். அதாவது 19 வருஷம் காத்திருந்தது. "இந்த ஊர்ல தமிழ் நாடகத்தை யாருப்பா பார்ப்பாங்க" என்று நீ கேட்டாயே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். உன்னை யாரும் தடுக்கவில்லை பாப்பா. உன் மொழிக்கு அங்கேயும் தடையில்லை, இங்கேயும் இல்லை.

கோபப்படாதே. சாப்பிட்டுவிட்டு மீதியைப் படி.

அவருடைய இன்னொரு நாடகம், 'எஸ்தரின் முதல் கதை', 1948இல் வந்தது. அதை எழுதும்போது தன் மொழி செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தாராம். அதனால் சின்ன வயதில் அரேன்ஸில் காதில் விழுந்த பேச்சையெல்லாம் அதற்குள் கொட்டிவிட்டார். அந்த ஊருக்கு அவர் எழுத்தில் சினேரா என்று பெயர். அங்கே ஒரு தோட்டத்தில் பொம்மலாட்டம் நடக்கிறது. பாரசீக அரண்மனைக் கதை, ஆனால் நடுநடுவே சினேரா ஜனங்களும் வந்து பேசுகிறார்கள். ஆட்டத்தை நடத்துகிறவர் பார்வையில்லாத ஒருவர்.

படிக்கும்போது எனக்கு உன் நாடகம்தான் ஞாபகம் வந்தது. கொல்லைத் திண்ணையில் அப்பாயி உளுந்து புடைத்துக்கொண்டே திட்டுவாளே, முதல் காட்சி. மருமகளைத் திட்டுகிறாளா, முறத்தில் வாய் வைக்கிற காக்காயைத் திட்டுகிறாளா என்று கடைசிவரை தெரியாது. காலேஜ் ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பக்கத்திலிருந்தவர் "யார் சார் எழுதினது?" என்று கேட்டார். என் பெண் என்று சொன்னேன். அப்பாயி பேச்சைப் பேச இப்போது இந்தத் தெருவில் ஆளில்லை. உன் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அவருடைய ஒரு கவிதை என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கோழைத்தனமான பழைய மண் சலித்துவிட்டது, வடக்கே போய்விட ஆசை, அங்கே ஜனங்கள் சுத்தமாக, படித்தவர்களாக, சுதந்திரமாக இருக்கிறார்களாம் என்கிறார். கடைசியில், நான் போகமாட்டேன், நானும் இந்த மண்ணைப் போலத்தான், ஏழ்மையும் அழுக்கும் சோகமுமான இதைத் தாங்கமுடியாத வலியோடு நேசிக்கிறேன் என்று முடிக்கிறார். அவர் விட்டுப் போகத் துடித்த ஊருக்கு நீ ஆசைப்பட்டுப் போயிருக்கிறாய்.

நீ திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் தினம் கேட்கிறாள். அங்கேயே தங்குவதற்கான அந்த ரெசிடென்ஸ் விண்ணப்பம் போட்டாயா என்றும் நான் கேட்கவில்லை. நீ அங்கே இருப்பதில் எனக்குப் பெருமைதான், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள். ஆனால் மாடி அறையை வாடகைக்கு விடலாமா என்று சித்தப்பா கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய எழுத்து உனக்கு வாய்க்கட்டும், அவருடைய வாழ்க்கை வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போனவர்களையே நினைத்து நினைத்து எழுதினார், அதுதான் அந்தக் கவிதைகளின் அழகு என்கிறார்கள். இருக்கலாம். என் பெண் அப்படித் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியாது. பார்சிலோனாவில் பசெச் தெ கிராசியா தெரு முடிகிற இடத்தில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறதாமே. ஞாயிற்றுக்கிழமை யாராவது சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார். வெயில் படட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள். ராத்திரி கடைசி ரயில்வரை இருக்காதே. சாப்பிடு.

அப்புறம், இரண்டாவது காட்சியில் அப்பாயி வடக்குத் தெரு வீட்டு வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போகிறாள். ஜட்ஜ் கேள்வி கேட்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாய். நிஜத்தில் அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன் நாடகத்தில் என்ன சொல்கிறாள்? அந்தப் பக்கம் வரைக்குமாவது எழுதி அனுப்பு. கையெழுத்து எப்படியிருந்தாலும் சரி, போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அப்பா