இரத்த தானத்தில் ஹெபடைடிஸ் ஈ பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்
தன்னார்வ இரத்தக் கொடையாளர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தானமாகப் பெறும் இரத்தத்தில், கல்லீரலைத் தாக்கிக் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஈ கிருமியைப் பரிசோதிக்கவும், கொடுத்தபின் நோய்வாய்ப்படும் கொடையாளர் தகவல் தெரிவிக்க வழி செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக இரத்த தானம் செய்துவருகிறேன். கடைசியாகக் கொடுத்தது 41ஆவது முறை. அந்த 41ஆவது பையைப் பற்றித்தான் இந்த மனு.

எங்கள் பகுதிப் பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடந்தது. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். அன்றைக்கு அது உண்மை. 350 மில்லி கொடுத்துவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் சோறு வடிக்கும் வாசனையே குமட்டியது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளித்திருப்பதை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஈ என்று வந்தது. ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் இன்னும் நான்கு பேர் காமாலையில் படுத்தார்கள். குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டிப் போகும் தெரு எங்களுடையது.

படுத்த படுக்கையிலிருந்தே இரத்த வங்கிக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கட்டாயப் பரிசோதனைகள் ஐந்தும் செய்து, குறை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே இரத்தம் வெளியே போனதாகச் சொன்னார். அட்டையிலிருந்த என் எண்ணை வாசித்தேன், குறித்துக்கொண்டார். அதன்பின் ஓர் அழைப்பும் வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இப்படி ஒருவர் கூப்பிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஆறு வாரத்தில் நான் எழுந்துவிட்டேன். ஆனால் ஒரு பை இரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்கு ஏற்றலாம் என்பதை முகாம்களில் நானே பலருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த மூவரை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

எய்ட்ஸ் கிருமி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் நம் நாட்டில் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஹெபடைடிஸ் ஈ அந்தப் பட்டியலில் இல்லை. இந்தக் கிருமி உடலில் புகுந்து 2 முதல் 10 வாரம் கழித்தே நோய் தெரியும். பலருக்குத் தெரியாமலே போய்விடும். நோய் தெரிவதற்கு முன்பே கிருமி இரத்தத்தில் இருக்கும். எனவே கேள்வித்தாளில் எவ்வளவு நேர்மையாகப் பதில் எழுதினாலும் இதைப் பிடிக்க முடியாது.

இது வெறும் பயமன்று. இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் 2,25,000 கொடைகளைச் சோதித்ததில் 79 கொடைகளில் இந்தக் கிருமி இருந்தது. அவற்றைப் பெற்றுக்கொண்டவர்களில் 43 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது 18 பேருக்குத் தொற்றியிருந்தது. 2014இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பின், 2016இல் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் போன்றவர்களுக்குத் தரும் இரத்தத்தையும், 2017இல் எல்லா இரத்தத்தையும் அங்கே சோதிக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்து, நெதர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் இந்தச் சோதனை நடைமுறையில் இருக்கிறது.

அங்கே இந்தக் கிருமி பெரும்பாலும் பன்றி இறைச்சி வழியாக வருகிறது. நமக்கு வருவது வேறு வகை; சாக்கடை கலந்த குடிநீர் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. 1955–56இல் யமுனை நீரில் கழிவு கலந்து டெல்லியில் சுமார் 29,000 பேரைக் காமாலையில் தள்ளியது இதுதான் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. நம் வகைக்குப் பலியாவோரில் முதலில் நிற்பவர்கள் கர்ப்பிணிகள். கடைசி மூன்று மாதங்களில் தொற்றினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு, பிரசவத்தில் உதிரம் நிற்காத பெண்ணுக்கு, நாம் ஏற்றுவது இரத்தம்தானே ஐயா! தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அவளிடம் சொல்லலாம். பையில் வரும் இரத்தத்தை அவள் என்ன செய்வாள்?

கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்குச் செலவு அதிகம் என்பதும், எல்லா இரத்த வங்கிகளிலும் அந்தக் கருவி இல்லை என்பதும் தெரியும். எனவே எல்லாப் பைகளையும் நாளையே சோதிக்கும்படி கேட்கவில்லை. கர்ப்பிணிகள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோயாளிகள், கல்லீரல் நோயாளிகள், மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகள் ஆகியோருக்குத் தரும் இரத்தத்தில் முதலில் தொடங்கலாம். பல கொடைகளின் மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துச் சோதித்தால் செலவு குறையும். இங்கிலாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். நம் கொடையாளர்களில் எத்தனை பேரிடம் இந்தக் கிருமி இருக்கிறது என்று சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினால் அடுத்த அடி எதுவென்று அரசுக்கே தெளிவாகிவிடும்.

காசு அதிகம் தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன. எந்தத் தெருவில் காமாலை பரவுகிறது என்ற விவரம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. அதே தெருவில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகாம் போடுகிறவருக்கு அது தெரிவதில்லை. அந்தப் பட்டியலை வாரந்தோறும் இரத்த வங்கிகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பகுதிகளில் பத்து வாரத்துக்கு முகாமை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கொடையாளர் அட்டையின் பின்புறத்தில் ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டு, ‘இரத்தம் கொடுத்தபின் காய்ச்சலோ காமாலையோ வந்தால் உடனே சொல்லுங்கள்’ என்று தமிழில் போடச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரின் பை இன்னும் குளிர்பெட்டியில் இருந்தால் எடுத்து ஒதுக்கவும், ஏற்றியாகிவிட்டிருந்தால் பெற்றவரின் மருத்துவருக்குத் தெரிவிக்கவும் உத்தரவிடுங்கள்.

விதிப்படி ஓராண்டுக்கு நான் இரத்தம் கொடுக்கக் கூடாது. காத்திருக்கிறேன், அதன்பின் 42ஆவது முறையாகக் கொடுப்பேன். என் கொடை எண்ணையும் பரிசோதனை முடிவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த இரத்தம் யாருக்குப் போனது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவர்களுடைய மருத்துவர்களுக்குத் தகவல் போனதா என்பதை மட்டும் எனக்குத் தெரிவிக்குமாறும், மேற்கண்ட கோரிக்கைகள் மீது ஆவன செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வ இரத்தக் கொடையாளர்.

இணைப்பு: கொடையாளர் அட்டை நகல், இரத்தப் பரிசோதனை முடிவு நகல்.