கால் இஞ்ச் இல்லாத ‘கால் இஞ்ச் ஃபுட்’: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: குவில்ட் (துண்டுத் துணிகளை மூட்டித் தைக்கும் போர்வை) தைக்க நீங்கள் விற்ற ஃபுட் (தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அளவு தவறாக இருப்பதும், அதனால் என் துணி வீணானதும், உங்கள் ஆட்கள் நடந்துகொண்ட விதமும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, ஷோரூமுக்கு அலைந்து, வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பி, எல்லாம் ஓய்ந்த பிறகுதான் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

உங்கள் மெஷினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மாடல், எந்த ஃபுட் என்பது பில்லிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் ‘கால் இஞ்ச் ஃபுட்’ என்று அச்சடித்ததும் நீங்கள்தான். கால் இஞ்ச் என்றால் 6.35 மில்லிமீட்டர். உங்கள் ஃபுட்டில் ஊசி இறங்கும் இடத்திலிருந்து, துணியின் ஓரம் உரசி நிற்கும் ஓரத் தகடு வரை 7 மில்லிமீட்டர் வருகிறது. கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. கிராஃப் தாளின் ஓரத்தைத் தகட்டோடு ஒட்ட வைத்து, நூல் கோர்க்காமல் ஓட்டினேன். ஊசி ஓட்டைகள் வரிசையாக ஏழாவது கோட்டின் மேலேயே விழுந்திருக்கின்றன. அந்தத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லையே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். உங்கள் டெக்னீஷியனும் அதைத்தான் கேட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒரு மூட்டுக்கு இரண்டு துணி. இரண்டிலும் 0.65 கூடுதலாகப் போனால் 1.3 மில்லிமீட்டர் நஷ்டம். துண்டுகளை மூன்றுக்கு மூன்றாக மூட்டிய ஒன்பது கட்டச் சதுரத்தில் வரிசைக்கு இரண்டு மூட்டு, ஆக 2.6. இரண்டரை இஞ்ச் துண்டு மூன்றை மூட்டினால், மூட்டுக்கு அரை இஞ்ச் உள்ளே போனது போக ஆறரை இஞ்ச் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பக்கத்தில் வைக்கும் வெற்றுச் சதுரமோ ஆறரை இஞ்சுக்கு வெட்டியது. நடுவில் மூட்டே இல்லாததால் அது குறையவும் இல்லை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து வரிசைகளை மூட்டினால், ஒரு முனை சேர்கிறது, அடுத்தது விலகுகிறது, அதற்கடுத்தது மறுபடி சேர்கிறது. போர்வை முழுக்க இப்படித்தான். தைப்பவர் கை கோணினால் ஒன்றுவிட்டு ஒன்று இவ்வளவு ஒழுங்காகவா தப்பும்?

இதைத்தான் அந்த டெக்னீஷியனிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் போர்வையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “ஏம்மா, நைட்டி தைக்கிற மெஷின்ல மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பாத்தா எப்படி?” என்றார். நைட்டி தைக்கிற மெஷின் என்றால் பெட்டியில் குவில்ட் படம் எதற்கு? நான் விடாமல் கேட்டதும், “வீட்ல சார் இருந்தா கூப்பிடுங்க, அவர்கிட்ட சொல்லிக்கிறேன்” என்றார். என் வீட்டு சாருக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. அவரிடம் எதைச் சொல்வதாக இருந்தார்? இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தனியாக எழுத்தில் மன்னிப்பு வேண்டும். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜும் வந்துவிட்டது!

அவருக்கு முன்பு போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரிடம் இருந்ததெல்லாம் எழுதிக் கொடுத்த பதில்கள். துணி சுருங்கியிருக்கும் என்றார். வெட்டுவதற்கு முன்பே துவைத்து, இஸ்திரி போட்ட துணி. கீழ்ப் பல் இழுத்து மேல்துணி நகர்ந்திருக்கும் என்றார். ஒவ்வொரு முனையிலும் குண்டூசி குத்தி, ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமுமாகப் படிய வைத்து, ஒன்றோடொன்று இறுகக் கோத்துத்தான் தைத்தேன். நூல் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். ஓரத் தகடு இருக்கும் இடம் தவறு என்றால் டென்ஷன் என்ன செய்யும்?

ஷோரூமில் வேறு கதை. ஆன்லைனில் வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். ஆன்லைனில் கேட்டால் ஷோரூமுக்குப் போகச் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் மாட்டியிருப்பது உங்கள் பெயர்ப்பலகைதானே?

நஷ்டம் என்னவென்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதை எழுத? வெட்டியது என் அம்மாவின் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகள். அவர் இப்போது இல்லை. பழைய பருத்தி, ஒருமுறை தைத்துப் பிரித்தாலே ஓரம் நூல் நூலாக வந்துவிடுகிறது, மறுபடி தைக்கப் பிடிப்பில்லை. மூன்று தலைமுறைச் சொத்தை ஒரு தகரத் துண்டால் நாசமாக்கியிருக்கிறீர்கள். லட்சம் ரூபாய் கொடுத்தாலும் ஈடாகாது. ஆனாலும் லட்சம் ரூபாய் என்றே எழுதியிருக்கிறேன்.

தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். அளந்து சரிபார்த்த ஃபுட் ஒன்று வேண்டும், அல்லது மெஷினையும் ஃபுட்டையும் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இதே ஃபுட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும். அவர்களும் தங்கள் கைதான் சரியில்லை என்று உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் மீது நம்பிக்கை வைத்துத்தான் இத்தனை பொறுமையாக எழுதுகிறேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நான் மெஷினுக்குக் கொடுத்த விலைக்குக் கட்டணமும் இல்லை. ஆஜராக நீங்கள்தான் கோயம்புத்தூர் வர வேண்டியிருக்கும்.

அதற்கு முன் யாரையாவது அனுப்புவதாக இருந்தால், பழைய டெக்னீஷியன் வேண்டாம். கையில் ஒரு ஸ்கேல் கொண்டு வருபவராகப் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: பில் நகல், கிராஃப் தாள், விலகிய மூட்டுகளின் படங்கள்.