எடையை வகுப்பில் வாசிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் சென்ற வாரம் வாசகர் ஒருவர், பள்ளிகளில் மாதந்தோறும் மாணவர்களின் எடையைப் பார்த்து, அதை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நாலு பேர் முன்னால் வெட்கப்பட்டால்தான் பிள்ளைகள் வாயைக் கட்டுவார்கள் என்பது அவருடைய வாதம். அவருக்குக் குழந்தைகள் மீது அக்கறை இருப்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் காட்டும் வழி அந்தக் குழந்தைகளுக்குத் தீங்குதான் செய்யும். உடற்கல்வி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் எடைக் கருவியின் பக்கத்தில் நின்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எடை பார்க்கும் வரிசையை அவர் ஒருமுறை அருகில் இருந்து பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். ஒல்லியான பிள்ளைகள் துள்ளி ஏறி இறங்கிவிடுவார்கள். பருமனான பிள்ளையோ பின்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராக முன்னே அனுப்பிவிட்டு வரிசையின் கடைசிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். முறை வந்ததும் காலணியைக் கழற்றும், இடைவாரைக் கழற்றும், சட்டைப் பையில் இருக்கும் பேனாவைக்கூட எடுத்து வெளியே வைக்கும். ஏறி நின்று வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். எண் உரக்கச் சொல்லப்பட்டதும் பின்னால் ஒரு சிரிப்பு எழும். அன்று மாலைக்குள் அந்த எண்ணே பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஆகிவிடும்.

அப்படிப் பெயர் வாங்கிய மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். குறி தவறாமல் பந்து எறிவான். அவன் எறிவதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு விளையாட்டு வகுப்பு வந்தாலே தலைவலி, வயிற்றுவலி என்று ஒதுங்கத் தொடங்கினான். வெயில் காலத்திலும் தடித்த மேற்சட்டையைக் கழற்ற மாட்டான். வகுப்பறைப் படத்தில் அவனைத் தேடினால் உயரமான இருவருக்குப் பின்னால் பாதி முகம்தான் தெரியும். எந்த மைதானம் அவனுக்கு நன்மை செய்திருக்குமோ, அங்கிருந்தே அந்த எண் அவனை விரட்டிவிட்டது.

ஆய்வுகளும் இதையேதான் காட்டுகின்றன. எடைக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளைகளிடம் மனச்சோர்வும், ஒளிந்து உண்பதும், கட்டுப்பாடின்றி உண்பதும் அதிகம் காணப்படுகின்றன. உடற்பயிற்சியைத் தவிர்ப்பதும் அதிகம். பிற்காலத்தில் அவர்கள் எடை கூடும் வாய்ப்பும் மிகுதி. வெட்கம் உடலை இளைக்க வைக்கும் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளரிளம் பருவத்தினரைப் பட்டினி வகை உணவுக் கட்டுப்பாட்டில் தள்ள வேண்டாம், வீட்டில் எடையைப் பற்றிய பேச்சும் கேலியும் வேண்டாம், குடும்பம் சேர்ந்து உண்ணட்டும் என்று கூறியிருக்கிறது. உடல் பருமனைத் தடுப்பதற்கும் உணவுப் பழக்கக் கோளாறுகளைத் தடுப்பதற்கும் சேர்த்தே சொல்லப்பட்ட அறிவுரை அது.

அந்த எண்ணுக்கு நாம் கொடுக்கும் மதிப்பும் அளவுக்கு மீறியது. உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டின் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர். அவர் ஆராய்ந்தது மக்கள் கூட்டத்தின் சராசரியை. தனி ஒருவரின் உடல்நலத்தை அல்ல. குழந்தைகளுக்கு அந்தக் குறியீட்டை அப்படியே பொருத்தவும் முடியாது. வயதையும் பாலினத்தையும் பொறுத்து, உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காக 2007-ல் வெளியிட்டது போன்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் சதை போடுவது இயல்பு. மரபணு, உறக்கக் குறைவு, சில மருந்துகள், சில சுரப்பிக் கோளாறுகள் என்று எடைக்குப் பின்னால் பிள்ளையின் கையில் இல்லாத காரணங்கள் எத்தனையோ. இவை எதுவும் வகுப்பில் எண்ணை வாசிப்பவருக்குத் தெரியாது.

எடையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2022-ல் உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்தனர், அவர்களில் 16 கோடிப் பேர் உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாம் வகை நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு, மூட்டு வலி எல்லாம் சிறு வயதிலேயே வரக்கூடும். எடை பார்க்கத்தான் வேண்டும். தனி அறையில், ஒவ்வொருவராக, கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதி, மூடிய உறையில் பெற்றோருக்கு அனுப்புங்கள். பார்க்க விரும்பாத பிள்ளை கருவிக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை. கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

விளையாட்டு வகுப்பிலும் மாற்ற வேண்டியவை உண்டு. மைதானத்தை இத்தனை சுற்று ஓடு என்றால், எல்லோரும் முடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்க, ஒரு பிள்ளை மட்டும் மூச்சிரைத்துத் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நான் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கு வைத்திருக்கிறேன். ஆறு நிமிடம், அவரவர் வேகத்தில் ஓடலாம், நடக்கலாம்; விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். கடைசி ஆள் என்று ஒருவரும் இருக்க மாட்டார். சென்ற வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு தூரம் என்பதை அவரவரே குறித்துக்கொள்வார்கள். அணித் தலைவர்கள் ஆளைப் பொறுக்கி எடுக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிக்கிறேன். தண்டனையாக ஓடச் சொல்வதும் கிடையாது. அடிபட்டது போன்ற உணர்வோடு ஓடிய பிள்ளை வளர்ந்த பிறகு எப்படி விரும்பி ஓடும்? 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிள்ளை மைதானத்துக்கு வர விரும்பினால்தான் அது நடக்கும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தட்டில் குறைத்து வைத்து, ஒல்லியான தம்பிக்குக் கேட்டதைக் கொடுக்காதீர்கள். அது உணவுக் கட்டுப்பாடாகப் பிள்ளைக்குத் தெரியாது, ஓரவஞ்சனையாகத்தான் தெரியும். மாற்றம் வேண்டும் என்றால் வீடு முழுவதற்கும் மாறட்டும்: எல்லோரும் ஒரே சாப்பாடு, எல்லோரும் மாலையில் நடை, எல்லோரும் நேரத்தோடு உறக்கம். இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இறுக்கமான உடையை வாங்கி வைக்காதீர்கள். இன்றைய உடம்புக்குப் பொருந்தும் நல்ல உடையை இன்றே வாங்கிக் கொடுங்கள். விருந்தினர் முன்னால் உறவினர் யாராவது பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை இவள் முன்னால் பேச வேண்டாம்" என்று உடனே சொல்லுங்கள், பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லுங்கள். பெரியவர்கள் கண்ணாடி முன் நின்று தங்கள் வயிற்றைத் திட்டிக்கொள்வதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"நான் குண்டாக இருக்கிறேனா?" என்று பிள்ளை கேட்டால், பலரும் பதறிப்போய் "சேச்சே, இல்லையே" என்கிறார்கள். பிள்ளைக்குக் கண் இருக்கிறது. அது பொய் என்று தெரியும். அப்படி இருப்பது பேசக்கூடாத ஒரு கேவலம் என்றும் அந்தப் பதற்றத்திலிருந்து புரிந்துகொள்ளும். "யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அன்று பள்ளியில் ஏதோ நடந்திருக்கும். அறிவுரையை நிறுத்தி வைத்துவிட்டு, முதலில் அதை முழுதாகக் கேளுங்கள். கேலி தொடர்ந்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வந்து சொல்லுங்கள். தடுக்க வேண்டியது எங்கள் கடமை.

தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். குழந்தைப் பருமன் பற்றிய செய்திகளுக்குப் பத்திரிகைகள் வழக்கமாகப் போடும் படத்தில் தலை இருக்காது. கழுத்துக்குக் கீழே ஒரு வயிறு, கையில் தின்பண்டம், அவ்வளவுதான். அடையாளம் தெரியக்கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் அதே உடம்புள்ள பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது தன்னையே ஒரு வெறும் வயிறாகக் காண்கிறது. உலக உடல் பருமன் கூட்டமைப்பு ஊடகங்களுக்கென்றே ஒரு படத் தொகுப்பை இலவசமாக வைத்திருக்கிறது. பருமனான மனிதர்கள் அதில் முகத்தோடு, நல்ல உடையோடு, நடந்துகொண்டும் வேலை செய்துகொண்டும் கண்ணியமாகத் தோன்றுகிறார்கள். அடுத்த கட்டுரைக்கு அதிலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்