மலைமேல் ஒரு டிஜிபீட்டருக்கு இடம் வேண்டும்: இரு ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒன்றிய அரசு தேர்வு வைத்து வழங்கும் அமெச்சூர் வானொலி உரிமமும் என்னிடம் இருக்கிறது. வியாபாரத்துக்கு இல்லாமல் சொந்த ஆர்வத்தில் ரேடியோ கருவியில் தொடர்பு கொள்ளும் எங்களை ஹாம் என்பார்கள். உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதக் காரணம் உண்டு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆனாலும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் திறக்கும் தண்ணீர் காவேரிப்பட்டணத்தைத் தாண்டி தருமபுரி மாவட்டத்து இருமத்தூருக்குத்தான் வருகிறது. நான் கேட்கப்போவது மலைமேல் ஒரு டிஜிபீட்டர், அதாவது ரேடியோவில் வரும் தகவலை வாங்கித் தானாகவே திரும்ப ஒலிபரப்பும் கருவி, வைக்க இடம். அதுவும் ஒரு மாவட்டத்தோடு நிற்கிற விஷயம் இல்லை.

2024 டிசம்பர் முதல் தேதி இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு உள்நாட்டில் நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் பொம்மைகளைப் போலப் புரட்டிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. என் தங்கை வீடு அங்கேதான். மறுநாள் காலையில் அவள் போன் எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போச்சம்பள்ளியைத் தாண்டியதும் என் போனிலும் சிக்னல் போய்விட்டது. மத்தூருக்கு முன்னால் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். அங்கேயே நின்றுவிட்டேன்.

பையில் 5 வாட் கைக்கருவி இருந்தது. பேட்டரியும் முழுதாக இருந்தது. அழைத்துப் பார்த்தேன், பதில் இல்லை. எப்படி வரும்? சுற்றிலும் குன்றுகள். நான் தரையில் நிற்கிறேன். என் குரலை வாங்கி மேலிருந்து திருப்பி வீச ஒரு நிலையம் இல்லை. கேட்பதற்கு ஊத்தங்கரையிலோ கிருஷ்ணகிரியிலோ ஓர் ஆளும் உட்கார்ந்திருக்கவில்லை. தங்கையும் பிள்ளைகளும் பக்கத்து மாடி வீட்டில் பத்திரமாக இருந்தது மறுநாள் சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. அன்று அந்த ரோட்டில் நின்றபோது முடிவு செய்த விஷயத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஹாம் ரேடியோ என்றால் மைக்கைப் பிடித்துப் பேசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெள்ள நேரத்தில் பேச்சு மட்டும் போதாது. ஒரே அலைவரிசையில் பத்துப் பேர் மாறி மாறி "நான் இங்கே இருக்கிறேன், இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று சொல்லத் தொடங்கினால் கேட்பவர் எழுதி முடிப்பதற்குள் பாதி தவறிப்போகும். இதற்காகவே 'ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம்', சுருக்கமாக ஏ.பி.ஆர்.எஸ்., என்று ஒரு முறை இருக்கிறது. கருவியோடு சேர்ந்த ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்த அட்சரேகை, தீர்க்கரேகையோடு கால்சைனும் (உரிமத்தோடு அரசு தரும் அழைப்புக் குறி) ஒரு சிறு குறிப்பும் சேர்ந்து ஒரு பாக்கெட்டாக, அதாவது சிறு தகவல் பொட்டலமாக, ஒலி வடிவில் கிளம்பும். காதில் கேட்டால் ஒரு 'கர்ர்' சத்தம், ஒரு நொடிகூட இருக்காது. நொடிக்கு 1200 பிட் வேகம்தான். இன்றைய இன்டர்நெட்டோடு வைத்துப் பார்த்தால் ரொம்ப மெதுவு. ஆனால் நடுவில் எந்தக் கம்பெனியின் டவரும் தேவையில்லை. மலைமேல் இருக்கும் டிஜிபீட்டர் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு, அதே அலைவரிசையில் உடனே திரும்ப ஒலிபரப்பும். கீழே கட்டுப்பாட்டு அறையில் ஒரு சாதாரண கணினித் திரையில், வரைபடத்தின்மேல் ஒரு புள்ளியாக அது வந்து உட்காரும்.

இதை உருவாக்கியவர் பாப் புரூனிங்கா, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பொறியாளர். 2022-ல் காலமானார். ஏ.பி.ஆர்.எஸ். என்பதில் 'பி' முதலில் 'பொசிஷன்' என்ற சொல்லைக் குறித்தது. பிறகு அதை அவரே 'பாக்கெட்' என்று மாற்றினார். வண்டி எங்கே போகிறது என்று பார்ப்பதோடு இது நின்றுவிடக் கூடாது, ஒரு பகுதியில் அந்த நிமிடம் நடப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கும் அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மழைமானியை இதோடு இணைத்தால் கடந்த ஒரு மணி நேரத்தில் பெய்த மழையையும் 24 மணி நேர மழையையும் ஆள் இல்லாமலே அனுப்பிக்கொண்டிருக்கும். ஊத்தங்கரையிலும் அரூரிலும் அஞ்செட்டியிலும் இப்படி ஒவ்வொன்று இருந்தால், ராத்திரி 2 மணிக்கு எங்கே எவ்வளவு கொட்டுகிறது என்று விடியும்வரை காத்திருக்காமல் பார்க்கலாம். குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஒன்றுக்கு 67 எழுத்துகள். தமிழ் எழுத்து பைட் கணக்கில் அதிக இடம் பிடிக்கும் என்பதால் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டியிருக்கும். 'ஸ்கூல் மாடியில் 27 பேர், பால் வேண்டும்' என்று சொல்ல அது போதும்.

சரி, மலைக்கு வருகிறேன். எங்கள் கோரிக்கையே அங்கேதான் இருக்கிறது.

இதற்கு நாங்கள் பயன்படுத்தும் 2 மீட்டர் பேண்ட், அதாவது சுமார் 2 மீட்டர் நீள அலை, ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். அதே மலையின் தலையில் ஆன்டெனாவை ஏற்றிவிட்டால் மலையே நமக்குத் துணை. தரையிலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், கணக்குப்படி சுமார் 90 கிலோமீட்டர். இதைச் சோதிக்க நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்கு ஏறினோம். ஒரு கைக்கருவி, ராஸ்பெரி பை என்ற ஒரு கையடக்கக் கணினி, ஸ்கூட்டர் பேட்டரி, மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனா. இவ்வளவுதான் கொண்டுபோனோம். அரூர் ரோட்டில் பைக்கில் போய்க்கொண்டிருந்த நண்பரின் பாக்கெட் விழுந்தது. பென்னாகரத்திலிருந்தும் விழுந்தது. ஒகேனக்கல் பள்ளத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அஞ்செட்டியிலிருந்தும் வரவில்லை. ஆக, ஒரு மலை போதாது. வத்தல்மலையில் ஒன்று, மேற்கே தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேட்டில் ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டு மாவட்டத்திலும் பெரும்பகுதி அடங்கும் என்பது எங்கள் கணிப்பு. கோட்டூர் மலை வாக்குச்சாவடிக்குக் கழுதைமேல் வாக்குப்பதிவு இயந்திரம் ஏற்றி அனுப்பியது தருமபுரி மாவட்டம். இங்கே ரோடும் டவரும் எட்டாத மலைக்கிராமங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கருவி எங்கள் செலவு. ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு சோலார் தகடு, ஒரு சிறிய பெட்டி, இவ்வளவுதான் வேண்டும். இப்படித் தானாக வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையத்துக்கு டெல்லியில், வயர்லெஸ் உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவின் அனுமதி தேவை. அந்த விண்ணப்பமும் எங்கள் பொறுப்பு. இடம் மட்டும்தான் எங்களால் வாங்க முடியாதது. மலையில் ஏற்கெனவே அரசுக் கட்டடங்கள் இருக்கின்றன, சிலவற்றில் கம்பமும் இருக்கிறது. இடிதாங்கியும் எர்த்தும் முறையாகப் போட்ட ஒரு கட்டடத்தின் மாடியில் ஒரு மூலை போதும். இதற்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். 'வயர்லெஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் கோப்பு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறது. அந்தத் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. வீரப்பன் தேடப்பட்ட காலத்தில் இந்தக் காட்டோரம் வயர்லெஸ் பிடித்துப் போகிறவனை யாராயிருந்தாலும் நிறுத்திக் கேட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் கால்சைனும் முகவரியும் அரசுப் பதிவில் இருக்கின்றன. நாங்கள் எதையும் ரகசியக் குறியாக்கம் செய்து அனுப்பக் கூடாது என்பது விதி. நாங்கள் அனுப்புவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அதே காரணத்தால் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது, வனத்துறை ரோந்து எங்கே போகிறது என்பதற்கெல்லாம் இதைப் பயன்படுத்தக் கூடாது. வேட்டைக்காரனும் அதே திரையைப் பார்க்க முடியும். போலீஸ் வயர்லெஸுக்கும் இது மாற்று ஆகாது. அன்றாட அரசு வேலைக்கோ வியாபாரத்துக்கோ அமெச்சூர் பேண்டைத் தொடவே கூடாது. போன் செத்துப்போன மணி நேரங்களில் மீட்புப் படகும் நிவாரண வண்டியும் தன்னார்வலர்களும் எங்கே இருக்கிறார்கள் என்று அறியத்தான் இது. பேரிடரில் அதிகாரிகள் கேட்டுக்கொண்டால் மற்றவர்களின் செய்தியைக் கடத்த எங்களுக்கு விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வந்து கேட்டால் பயன் இல்லை. எல்லாம் முன்பே பழகியிருக்க வேண்டும்.

அதனால் இடத்தோடு இன்னும் இரண்டு கேட்கிறேன். 1077 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கு ஒரு மேசையும், ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆன்டெனா பொருத்த அனுமதியும் வேண்டும். அப்புறம், மாவட்டப் பேரிடர் ஒத்திகைக்கு எங்களையும் கூப்பிடுங்கள். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் கூடும் கூட்டத்தில் நாலு தன்னார்வலர்கள் கையில் டிராக்கரோடு, அதாவது இருக்கும் இடத்தை அனுப்பும் கருவியோடு, நடந்தால் அதைவிட நல்ல பயிற்சி வேறு கிடைக்காது. பள்ளத்தில் சிக்னல் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

பெட்டி தயாராக என் கடை மேசையில் இருக்கிறது. மூன்று வாரமாக நிறுத்தாமல் ஓடுகிறது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாலக்கோட்டின் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மலையில் கம்பம் நட ஒரு நாள் வேலை, கேபிள் இழுக்க அரை நாள். நீங்கள் சொல்லும் தேதியில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வர நாங்கள் நாலு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு ஹாம்