டேப்பை இன்னொரு முறை ஓட்டுவதற்கு முன்

கோயம்புத்தூர்
2-11-2025

அன்புள்ள தாணுவுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மகளுக்கு நாகர்கோவிலுக்கே மாறுதல் கிடைத்தது நல்ல செய்தி. இனிப் பேத்தியைப் பார்க்க மாதம் ஒருமுறை ரயில் ஏற வேண்டியதில்லை. கமலாவின் கண்புரை அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறாள். எனக்கு மூட்டு வலி அப்படியேதான். காலையில் மட்டும் மெதுவாக ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.

உன் கடிதத்தில் மாமாவின் வில்லுப்பாட்டு கேசட்டுகளைப் பற்றி எழுதிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாளையங்கோட்டை விடுதியிலிருந்து உன் ஊர்க் கொடைக்கு வந்து, விடிய விடிய அவர் பாடிய சுடலைமாடன் கதையைக் கேட்டவன் நான். வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் எழுப்பும் ஒலியும், அதற்குப் பின்னால் குடமும் உடுக்கையும் எழுந்து வருவதும் இன்னும் காதில் இருக்கின்றன. அதையெல்லாம் கணினியில் ஏற்றி வைக்கும் வேலையை நீ எடுத்துக்கொண்டது மிகப் பெரிய காரியம். அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாக இருக்கப் போகிறது.

பாதிப் பதிவில் கணினி நின்றுவிடுகிறது, மறுபடி டேப்பை முதலிலிருந்து ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்து. ஓடும் ஒவ்வொரு முறையும் பழைய நாடாவின் காந்தப் பூச்சு கொஞ்சம் தேய்கிறது. எந்த ஓட்டத்தில் அது டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கணினிக்கு எந்த உறுப்பையும் கடையில் வாங்கிவிடலாம், மாமாவின் குரலை வாங்க முடியாது. வேறு கருவியின் ஒலியை வயர் வழியாக வாங்கும் லைன்-இன் வசதியுள்ள கையடக்க ரெக்கார்டர் ஒன்றை விலைக்கோ இரவலுக்கோ வாங்கி, டெக்கிலிருந்து நேராக அதன் மெமரி கார்டில் பதிவு செய். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று அமைத்துக்கொண்டால் 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு 800 எம்பிக்குள்தான் வரும். கணினி நல்லபடி ஆகும்வரை டேப்பும் அதுவும் சந்திக்கவே வேண்டாம்.

அடுத்தது, ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பவை. பத்திரமாக இருக்கட்டும் என்று அவற்றை அந்தக் கணினியிலிருந்தே பென்டிரைவுக்கு நகல் எடுக்கத் தொடங்கியதாகச் சொன்னாய். அதையும் நிறுத்தி வை. ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், கெட்டிருக்கிறது என்பது என் சந்தேகம். நகல் எடுக்கும்போது கோப்பின் ஒவ்வொரு துண்டும் ராம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட், அதாவது ஒரு பூஜ்யமோ ஒன்றோ, புரண்டாலும் நகல் கெடும், ஆனால் கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. ஒலிக் கோப்பில் புரண்ட பிட் 'டிக்' என்று ஒரு சிறு வெடிப்பாகக் கேட்கலாம். அது டேப்பின் குறை என்றே நீ நினைத்துக்கொள்வாய். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, மருமகனின் லேப்டாப்பில் இணைத்து, அங்கிருந்து இரண்டு இடங்களில் நகல் எடுக்கச் சொல். பழைய பதிவுகளை ஒருமுறை முழுதாகக் கேட்டும் பார்.

ஒரு பிட் என்ன செய்யும் என்பதற்கு பெல்ஜியத்தில் 2003 மே மாதம் நடந்த தேர்தலைச் சொல்வார்கள். பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. கிடைக்கவே முடியாத எண்ணிக்கையாக இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. 4096 என்பது இரண்டின் 12-ஆம் அடுக்கு, அதாவது நினைவகத்தில் ஒரேயொரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறினால் கூடும் எண். மென்பொருளில் பிழை எதுவும் அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். உன் கணினிக்கு விண்வெளி வரை போக வேண்டியதில்லை. கூகுள் தன் சர்வர்களின் ராம் பிழைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் பெரும்பாலானவை கதிரால் தற்செயலாக நேர்பவை அல்ல, வன்பொருளில் நிலையாக உள்ள பழுதால் வருபவை என்ற முடிவுக்கு வந்தது. நமக்கு அது நல்ல சேதி. நிலையான பழுது திரும்பத் திரும்ப வரும், ஆகவே சோதித்தால் பிடிபடும்.

இனிப் பழுதுக்கு வருகிறேன். நீ ஒரே நோயாக எழுதியிருப்பது இரண்டு நோய்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சில நாள் பிழைச் செய்தியோடு நீலத் திரை வருகிறது. வேறு சில நாள் எந்தச் செய்தியும் இல்லாமல், சுவிட்சை அணைத்தது போல் நின்று தானாக மறுபடி எழுகிறது. கடைக்காரர் இரண்டையும் சேர்த்து 'மதர்போர்டு போய்விட்டது' என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றும் எப்போது வருகிறது என்று உன் கடிதத்திலேயே குறிப்பு இருக்கிறது. திரையில் வரும் வாசகத்தைவிட அதைத்தான் நான் நம்புகிறேன். அந்த வாசகம் விழுந்த இடத்தைக் காட்டும், தள்ளிவிட்ட கையைக் காட்டாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய். முறைப்படி மூடாமல் கணினி நின்றுபோனது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மின்வெட்டு வந்தாலும் அதே 41-தான் பதிவாகும்.

முதலில் செய்தி இல்லாத நிறுத்தம். மாலை ஆறரைக்கு மேல்தான் அதிகம் என்றும், பக்கத்து வீட்டு மோட்டார் போடும்போது விளக்கு மங்குகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இது மின்சாரம் உள்ளே வரும் வழியில் உள்ள குறை. கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் உண்டு. வெளியே மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் தடுமாறினால், அதில் தேங்கிய ஆற்றல்தான் கணினியைத் தாங்கும். தரமான எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும். தேங்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உன்னுடையது போன்ற சாதாரண வகையில், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மாலையில் 190 வந்தால், கையிருப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். கெபாசிட்டரும் எட்டு வருடம் உழைத்தது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்று எங்கள் மின்பிரிவில் ஒரு கணக்கு சொல்வோம். அந்தப் பழைய கெபாசிட்டர் மேல் மோட்டாரின் இழுப்பும் சேரும்போது, வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் சமிக்ஞையை எஸ்எம்பிஎஸ் விலக்கிக்கொள்ளும். மதர்போர்டு அந்தக் கணமே ரீசெட் ஆகும். விண்டோஸுக்குச் செய்தி எழுத நேரமே இருக்காது. திரையில் ஒன்றும் வராததற்குக் காரணம் அதுதான்.

கணினிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதே என்று கேட்பாய். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்புறம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலையில் வைத்தால் மிகக் குறைந்த மின்னழுத்தத்தையும் அது அப்படியே உள்ளே விட்டுவிடும், பேட்டரிக்கு மாறவும் கூடுதல் நேரம் எடுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும். யுபிஎஸ் நிலையில் வைத்தால் மின்னழுத்தம் குறைந்த உடனேயே பேட்டரிக்கு மாறும், மாறுவதும் வேகமாக நடக்கும். இன்றே போய் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். செலவில்லாத முதல் சோதனை அதுதான்.

அப்படியும் நிற்கிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்க வேண்டும். கடையில் மல்டிமீட்டரை வைத்து '12 வோல்ட் சரியாக வருகிறது' என்று காட்டினார்களாம். 11.4-லிருந்து 12.6 வரை இருந்தால் சரி என்பது உண்மைதான். ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. சில மில்லிசெகண்ட் சரிவு அதில் தெரியாது. எஸ்எம்பிஎஸ் கெட்டதா என்று நம் வீட்டில் அறிய நம்பகமான வழி, நல்லது என்று தெரிந்த வேறொன்றைப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். பழையதைத் திறந்து பார்க்கிறேன் என்று மட்டும் இறங்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

இரண்டாவது, நீலத் திரை. நீ குறித்து அனுப்பிய மூன்று வாசகங்களும் மூன்று விதம். ஒன்று மெமரி மேனேஜ்மென்ட், அடுத்தது பேஜ் ஃபால்ட், இன்னொன்று ஒரு டிரைவரின், அதாவது ஏதோ ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருளின், பெயரைச் சொல்கிறது. ஒரே டிரைவர் கெட்டிருந்தால் அநேகமாக அதே வாசகம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். இப்படி ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினால் நான் முதலில் ராமைத்தான் பார்ப்பேன். இரண்டாவது ராம் பட்டையைப் பின்னால் வாங்கிச் சேர்த்தாய் என்பதும், தொடுமுனைகளை அரிக்கும் கடல் காற்று உன் வீட்டுக்கு வருகிறது என்பதும் அந்தச் சந்தேகத்தை வலுவாக்குகின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, இரண்டு பட்டைகளையும் எடு. பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, 'க்ளிக்' என்று கேட்கும்படி திரும்ப அழுத்து. நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்யும் வைத்தியம் இது. சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

சரியானதாகத் தோன்றினாலும் சோதிக்காமல் விடாதே. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருள் இலவசம். மருமகனை ஒரு பென்டிரைவில் போட்டுத் தரச் சொல். விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விடு. காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் இருந்தாலும் அது தோல்விதான். இவ்வளவு பெரிய ராமில் ஒரு பிழை பரவாயில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதே. பிழை வந்தால் ஒவ்வொரு பட்டையாகத் தனியே போட்டு ஓட்டு. பிறகு இடம் மாற்றிப் போடு. பட்டையோடு பிழையும் இடம் மாறினால் ராம் கெட்டது. பட்டை எதுவானாலும் அதே இடத்தில் பிழை வந்தால் ஸ்லாட்டிலோ மதர்போர்டிலோ குறை, அப்போது கடைக்காரர் சொன்னதை ஏற்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டால், நின்றுபோன பழுது எதனால் நின்றது என்று தெரியாது, மறுபடி வரும்போது திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சூடு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒலிப்பதிவு ப்ராசசருக்கு ஒரு சுமையே இல்லை. சூடு ஏறினாலும் முதலில் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விசிறி இரையும். நீ அப்படி எதுவும் எழுதவில்லை. விசிறி சுற்றுகிறதா, ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார், அது போதும். ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் இணைக்கும்போது தன் நலத்தைப் பற்றி அதுவே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் மருமகனைப் பார்க்கச் சொல். கெட்டுப்போன இடங்களைக் குறிக்கும் 5, 197 என்ற வரிசைகளில் எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் வைக்காதே. 199 மட்டும் ஏறியிருந்தால் அநேகமாக கேபிள் கோளாறு.

மதர்போர்டை மட்டும் இப்போது வாங்க வேண்டாம். 2017-இல் வாங்கிய உன் ப்ராசசருக்குப் பொருந்தும் போர்டு இனிப் பழையதாகத்தான் கிடைக்கும். உன் ஏழாம் தலைமுறை ப்ராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உண்மையிலேயே போர்டுதான் போயிருந்தால், அந்தப் பணத்தை வேறு கணினிக்கு வைத்துக்கொள்வதே மேல்.

கடைசியாக ஒன்று. போகிற போக்கில் எழுதியிருந்தாலும் அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் 'சுருக்' என்கிறது, பதிவில் ஒரு ரீங்காரமும் கேட்கிறது என்றாயே, இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். உன் வீட்டு பிளக் பாயின்டில் எர்த் இல்லை என்று நினைக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவை பேஸையும் நியூட்ரலையும் கேபினட்டோடு இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் 230-இல் ஏறக்குறைய பாதி வோல்ட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் வேறு எந்தச் சாதனத்திலாவது உண்மையான கசிவு வந்தால் அந்த வீட்டில் உங்களைக் காக்க ஒன்றும் இல்லை. பேத்தி வேறு தவழ்ந்து திரிகிறாள். மற்ற சோதனைகள் காத்திருக்கட்டும், எலக்ட்ரீஷியனை இந்த வாரமே கூப்பிடு. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 230-ம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் வர வேண்டும். அவர் அளப்பதை நீயே பக்கத்தில் நின்று பார். வடகிழக்குப் பருவமழை நேரம் இது. இடி கேட்டால் மின்சார பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் பிடுங்கி வை.

தை மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் இருக்கிறது. முடிந்ததும் நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். என்னிடம் சும்மா கிடக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் மல்டிமீட்டரையும் எடுத்து வருவேன். அதுவரை கணினி எப்போது நின்றது, அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, நீலத் திரையா வெறும் நிறுத்தமா என்று ஒரு நோட்டில் எழுதி வை. மெம்டெஸ்ட் முடிந்த காலையில் திரையைப் படம் எடுத்து அனுப்பு. எர்த் வேலை முடிந்ததும் எனக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
ராமலிங்கம்